மாதாவுக்குப் பின்னால் தொங்கிய மான்

செபமாலை மாதமான ஐப்பசியில் மாதா சுரூபம் எங்கள் கீரிக் கிராமத்தில் வீடு வீடாக வரும். எங்கள் வீட்டு முறை வந்தால், சுரூப மேசைக்குப் பின்னால் நான் கட்டுவது மூத்த மகன் சவூதியிலிருந்து கொண்டுவந்த வெல்வெட் துணி. காடு, ஓடை, ஒரு மான், சுற்றிவர நாலு நாய்கள். அப்படியொன்று ஊரில் வேறு எவரிடமும் இல்லை. ஒன்பது வருடமாக, செபம் முடிந்ததும் எல்லாரையும் இருத்தி விளக்கம் சொல்லுவேன். மான் எங்கள் ஆன்மா, தண்ணீர் ஆண்டவர், நாய்கள் எங்களைக் காக்கும் தேவதூதர்களான சம்மனசுகள். எழுத்துக் கூட்டி வாசிக்கிறவள்தான் நான். ஆனாலும் கோவிலில் கேட்ட பிரசங்கம் ஒன்றையும் மறந்ததில்லை.

கண்ணாடி போடமாட்டேன் என்று நின்றவள், இந்த ஆவணியில்தான் கண்ணில் புரை எடுத்தேன். ஐப்பசியில் துணியைக் கட்டிவிட்டு, சுருக்கம் நீவக் கிட்டப் போனேன்.

ஒரு நாயின் பல் மானின் கழுத்துக்குள் இருந்தது. நான் செம்பரத்தம்பூ என்று நினைத்திருந்தது இரத்தம்.

தம்பியின் பெண்சாதி கதிரை துடைத்துக்கொண்டு நின்றாள்.

"மச்சாள், இதை முதலே கண்டனீங்களோ?" என்று கேட்டேன்.

"ஓம், துணி வந்த வருசமே."

"ஏன் சொல்லேல்ல?"

"ஆர் சொல்லுறது? உங்களுக்குப் பிழை சொல்லிப்போட்டு இந்த வீட்டில தேத்தண்ணி குடிக்கேலுமே? சம்மனசு கடிக்குது எண்டு உங்கட மருமகள் அடுப்படிக்குள்ள போய்ச் சிரிக்கிறவ."

சிரித்தது பெரிதில்லை. ஒன்பது வருடம் மாதாவை அழைத்துவந்து ஒரு கொலைக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறேன். ஊரையும் அதற்குக் கைகூப்ப வைத்திருக்கிறேன்.

ஒழுங்கை முனையில் மாதாவைக் கொண்டுவருகிறவர்களின் பாட்டுக் கேட்டது. மச்சாள் துணியைக் கழற்றக் கதிரையில் ஏறினாள்.

"தொடாதேங்கோ," என்றேன். சத்தமில்லாமல் கழற்றினால் நான் சொன்ன பிழை அப்படியே நிற்கும்.

செபம் முடிந்தது. வழக்கம்போல எல்லாரும் என் விளக்கத்துக்கு இருந்தார்கள். எழும்பினேன்.

"மான் எங்கட ஆன்மா எண்டது சரி. நாயள் சம்மனசு இல்ல. எங்கட பாவம். கழுத்தில கடிச்சுப் பிடிச்சிருக்குது. இவ்வளவு காலமும் நான் பிழையாச் சொன்னனான்."

மருமகள் நிலத்தைப் பார்த்தாள். செபம் நடத்திய மூப்பர்தான் கேட்டார்.

"அப்ப கழட்டுவமோ, அக்கா?"

"வேண்டாம். மாதாவைத் திருப்பி வையுங்கோ. அவ பார்க்கட்டும்."

இரண்டு பேர் சுரூபத்தைத் தூக்கி, மானைப் பார்க்கத் திருப்பினார்கள். நாங்கள் மாதாவின் முதுகைப் பார்த்தபடி இருந்தோம்.