நான் கொடுக்காத பேட்டிக்கு நானே பைண்டிங் போட்டேன்

போன மாதம் என் வாழ்க்கை வரலாற்றுக்கு நானே பைண்டிங் போட்டேன்.

அதில் பாதி எனக்கே புதுச் செய்தி.

புதிதாக வந்தவர்களுக்கு: எனக்குப் பதினெட்டு வயது. பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு தனியார் காலேஜுக்கு எதிரே இருக்கும் போட்டோஸ்டேட் கடையில் வேலை. மாணவர்கள் அனுப்பும் அசைன்மெண்டைப் பிரிண்ட் எடுத்து, பக்கம் வரிசையாக இருக்கிறதா என்று பார்த்து, பைண்டிங் போட்டுக் கொடுப்பேன்.

பார்த்தால் போதும் என்பது முதலாளியின் சட்டம். நான் படித்தும் விடுவேன். (வாய் திறக்காதவர்களுக்குப் படிக்க நிறைய நேரம் கிடைக்கும்.)

அன்று மதியம் ஷாலினி அக்கா வந்தார். இன்ஜினியரிங், கடைசி செமஸ்டர். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கடைக்கு வருகிறவர். இத்தனை நாளில் நான் அவரிடம் பேசிய மொத்த வசனம்: "கலரா, பிளாக்கா?"

"தங்கச்சி, சீக்கிரம் போட்டுக் குடு. அஞ்சு மணிக்குள்ள குடுக்கணும். இது ஒண்ணுதான் பாக்கி. இதுல ஃபெயிலானா பத்து காவான் பக்கம் கிடைச்ச வேலையும் போச்சு."

என்ன பாடம் என்று கேட்க நினைத்தேன். நான் நினைத்து முடிப்பதற்குள் அவரே சொன்னார்.

"பொதுப் பாடம்லா. எந்த கோர்ஸா இருந்தாலும் எடுத்தே ஆகணுமாம். மெஷின் படிக்கிறவளுக்கு இது எதுக்கு? எங்கப்பா மாக் மண்டின் ஃபேக்டரியில ஓவர்டைம் செஞ்சு எண்ணூறு வெள்ளி ஃபீஸ் கட்டினாரு. நான் உக்காந்து மனுசங்களோட எப்படி பழகுறதுன்னு படிக்கிறேன்."

தலையாட்டினேன். (எனக்குத் தெரிந்த ஒரே விவாத முறை.)

பிரிண்ட் வர ஆரம்பித்தது. மலாய் மொழியில் இருந்தது. முன்பின் பழகாத ஒரு தொழிலாளியைச் சந்தித்து, பேசி, எழுத வேண்டுமாம்.

இரண்டாம் பக்கத்தில் ஒரு பெண். பதினெட்டு வயது இருக்கலாம். போட்டோஸ்டேட் கடையில் வேலை.

இருக்கட்டும், பினாங்கில் எத்தனையோ போட்டோஸ்டேட் கடை.

மூன்றாம் பக்கத்தில், கடை காலேஜுக்கு எதிரே இருந்தது.

நான்காம் பக்கத்தில், உடைந்த மூக்குக் கண்ணாடியை டேப் போட்டு ஒட்டியிருந்தாள். நான் என் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தேன். டேப் இருந்தது.

ஐந்தாம் பக்கத்தில் நான் பேசியிருந்தேன். ஒன்றரைப் பக்கம், மூச்சு விடாமல். தம்பி தங்கைகளுக்காகப் படிப்பைத் தியாகம் செய்தேனாம். சொல்லும்போது என் கண் கலங்கியதாம்.

(வீட்டில் நான் ஒரே பிள்ளை.)

அவ்வளவு நல்ல பெண்ணை எனக்கே பிடித்துவிட்டது. பேசாமல் பைண்டிங் போட்டுவிடலாம் என்றுதான் துளை போடும் மெஷினில் வைத்தேன். அப்போது ஒரு வரி கண்ணில் பட்டது. அவளுடைய அப்பா குடிகாரர்.

என் அப்பா ஜுருவில் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறார். பால் இல்லாத தே ஓவைத் தவிர வேறு எதையும் குடித்து நான் பார்த்ததில்லை.

"அக்கா."

"என்னா, பேப்பர் முடிஞ்சிருச்சா?"

"எங்கப்பா குடிக்க மாட்டாரு."

அக்கா என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த பக்கத்தைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"நீ... இதையெல்லாம் படிப்பியா?"

"பக்கம் பார்க்கணும்கா."

"அலமாக். இத்தனை கடை இருக்கு, இங்கயே கொண்டு வந்தேன் பாரு."

கவுண்டரில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அப்படியே பேசினார்.

"உன்கிட்ட பேசத்தான் மூணு தடவ வந்தேன். நீ கலரா பிளாக்கான்னு கேட்டுட்டு உள்ள ஓடிர்ற. எனக்கும் எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. சாரிடா."

பிறகு மணியைப் பார்த்தார். மூன்று.

"சரி, இப்ப சொல்லு. உண்மையில ஏன் ஸ்கூல நிறுத்துன?"

யார் இதைக் கேட்டாலும் நான் இங்க் இருக்கிறதா என்று பார்க்கப் போய்விடுவேன். அன்று மெஷினுக்குப் போகும் வழியில் அக்கா நின்றுகொண்டிருந்தார்.

"ஸ்கூல்ல படிவம் நாலு படிக்கிறப்ப வாய்மொழித் தேர்வு வந்துச்சுக்கா. எல்லார் முன்னாடியும் எழுந்து பேசணும். பயத்துல அன்னிக்கு போகல. மறுநாள் போனா ஏன் வரலன்னு டீச்சர் கேட்பாங்க, அதனால போகல. அதுக்கு மறுநாள் போனா ஏன் ரெண்டு நாள் வரலன்னு கேட்பாங்க."

"அப்புறம்?"

"ரெண்டு வருசம் ஆயிருச்சு."

சிரிக்கக் கூடாது என்று அக்கா பட்ட பாட்டை நான் மறக்க மாட்டேன்.

"இதுக்கா? உன்னை நினைச்சு அழுதுக்கிட்டே எழுதினேன்லா."

"அக்கா எழுதினதுதான் நல்லா இருக்கு. அப்பாவ மட்டும் எடுத்துடுங்க, போதும்."

"வேணாம். எல்லாத்தையும் மாத்துறேன். நீ பேசு."

பேப்பர் பெட்டியின் மேல் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தார். நான் பேசினேன். நடுவில் வந்தவர்களுக்கு போட்டோஸ்டேட் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து மறுபடி பேசினேன். வீட்டில் நான் ஒரு வாரத்துக்குப் பேசுவது அவ்வளவு இருக்காது.

நாலே முக்காலுக்குப் பைண்டிங் முடிந்தது.

"காலேஜுல இத்தனை வருசம் இருந்தும், தெரியாத ஒரு ஆளோட உக்காந்து பேசினது இன்னிக்குத்தான்," என்றார் அக்கா.

"அப்ப எண்ணூறு வெள்ளிக்குப் பெறுமாக்கா?"

"அது மார்க் வந்தாதான் தெரியும்," என்று ரோட்டைக் கடந்து ஓடினார்.

இன்று மார்க் வந்தது. அக்கா பாஸ். அடுத்த வாரம் வேலைக்குச் சேர்கிறார். கடைக்கு வந்து, விரிவுரையாளர் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்ததைக் காட்டினார்.

"நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அந்தப் பெண் படிப்பை நிறுத்தியதற்கான காரணம் கற்பனை போல இருக்கிறது. நேரில் சென்று பேசியிருந்தால் உண்மையான காரணம் தெரிந்திருக்கும்."

காலேஜ் முடித்த அண்ணன்களே, அக்காக்களே, அந்தப் பாடம் காசுக்குப் பெறுமா என்று நீங்களே பேசிக்கொள்ளுங்கள்.

எனக்கு அவசரமாகத் தேவைப்படுவது வேறு. பள்ளியை நிறுத்தியதற்கு நம்பும்படியான காரணம் ஒன்று இருந்தால் கமெண்டில் போடுங்கள். அப்பாவை மட்டும் இழுக்காதீர்கள்.