என் வீட்டுக்கு மட்டும் நட்சத்திரம் இல்லை

எங்கள் சபையின் கிறிஸ்துமஸ் ஜோடனைக் கூட்டத்தில் ஒருவரைத் தவிர எனக்குப் பிடித்தவர் என்று யாரும் இருந்ததில்லை. அன்பின் கூட்டம் என்று போதகர் பிரசங்கத்தில் எங்களைப் புகழுவார். எனக்குச் சிரிப்பு வரும். பாட்டுக்கு ராகம் போடுகிற அம்மாவுக்குத் தலைக்கனம். நாடகத்துக்கு வசனம் எழுதுகிற வாத்தியாருக்கு வாய் நீளம். இவர்களுக்கெல்லாம் மேலே எங்கள் தலைவர். அவர் ஒரு கிராணி; ஆபீசில் எழுதுகிறவரை அப்போது அப்படித்தான் சொல்வோம். வெள்ளைக்காரன் இருந்தவரை வெள்ளைக்காரனுக்கு எழுதினார். ஜப்பான்காரன் வந்ததும் அதே மேசையில் உட்கார்ந்து அவனுக்கு எழுதினார். கழுத்து டையை மட்டும் கழற்றி வைத்துவிட்டார்.

என் வேலை மூங்கில் பிளப்பது. கிறிஸ்துமஸ் வந்தால் சபையில் உள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும் நாங்களே ஒரு நட்சத்திரம் செய்து கொடுப்போம். கடையில் வாங்கித் தொங்கவிடுவது எங்களிடம் வழக்கமில்லை. பிறகு கேரல் கூட்டமாகக் கிளம்பி வீடு வீடாகப் போய், நட்சத்திரத்துக்குக் கீழே ஐந்தடி நடைபாதையில் செருப்புக் காலோடு நின்று பாடுவோம். பாடி முடித்தால் அடுத்த வீடு. அந்த வருஷம் சாவு விழுந்த வீட்டுக்கு மட்டும் நட்சத்திரமும் கிடையாது, பாட்டும் கிடையாது. அங்கே செருப்பைக் கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் உள்ளே போவோம். தலைவர் ஜெபம் பண்ணுவார், ஆமென் சொல்லிவிட்டு வெளியே வருவோம். வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கிய இந்த வழக்கத்தை ஜப்பான்காரன் காலத்திலும் விடவில்லை.

என் வீட்டுக்காரரும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தார். கடைகளுக்குப் போர்டு எழுதுகிறவர். நாடகத்துக்குப் பின்னால் தொங்குகிற பெத்லகேம் திரையை அவர்தான் வரைந்தார். மாவுச் சாக்குகளைப் பிரித்துத் தைத்துக் கொடுத்தது நான். அவர் பெத்லகேமைப் பார்த்ததில்லை, நாங்கள் குடியிருந்த தேக்காவைத்தான் பார்த்திருந்தார். அதனால் மேய்ப்பர்களின் ஆடுகள் எருமைத் தொழுவத்திலிருந்து ஓடி வந்தவை போல இருக்கும், சத்திரத்து வாசலில் வெற்றிலைக் கடை இருக்கும். வாத்தியார் குறை சொன்னார். இவர் தூரிகையைக் கழுவிக்கொண்டே, "ஏசு எங்க பொறந்தா என்ன, வெத்தல வேணாமா?" என்றார். அவரை எனக்குப் பிடிக்கும். அவர் ஒருவரைத்தான் பிடிக்கும்.

ஜப்பான்காரன் வந்த பிறகு இங்கிலீஷ் போர்டுகளை எல்லாம் இறக்கச் சொன்னார்கள். புதிதாக எழுதக் கடைகளில் சரக்கும் இல்லை, எழுதச் சொல்ல ஆளும் இல்லை. இவர் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார். கிராணி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் இவர் தோளில் கை போட்டுக்கொண்டு பேசினார். நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

"சியாம்ல ரயில் ரோடு போடுறாங்க தம்பி. மூணு மாசந்தான். மண்ணு வெட்டுறவங்களோட உன்னையப் போட மாட்டாங்க, போர்டு எழுத ஆளு கேட்டிருக்காங்க. அரிசி தர்றாங்க. நான் சொல்லி வைக்கிறேன்."

அரிசி என்ற சொல்லுக்கு அப்போது இருந்த பலம் இப்போது யாருக்கும் புரியாது. இவர் தூரிகைகளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ரயில் ஏறினார். மூன்று மாதம் போனது. கிறிஸ்துமஸ் போனது. அந்த முறை எனக்கு நட்சத்திரம் கொடுத்தார்கள், நானும் தொங்கவிட்டேன். அடுத்த மழைக்காலமும் வந்துவிட்டது. ஒரு சேதியும் இல்லை. சியாமிலிருந்து யாராவது வந்ததாகக் காதில் விழுந்தால் ஓடுவேன். வந்தவர்கள் தங்கள் கால் புண்ணைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டுவார்கள். கிராணியிடம் கேட்டால், "கர்த்தர் பாத்துக்குவார் தங்கச்சி" என்பார். அனுப்பியது கர்த்தரா என்று கேட்க நாக்கு துடிக்கும். அடக்கிக்கொள்வேன், அவர் ஆபீசில் இருப்பதால் என்றாவது சேதி வரும் என்ற நப்பாசை.

அந்த இரண்டாவது டிசம்பரிலும் கோயிலுக்குப் பின்னால் இருந்த கூடத்தில் வேலை நடந்தது. காகிதம் கிடைக்காத காலம். வாத்தியார் பள்ளிக்கூடத்துப் பழைய தேசப்படங்களைக் கொண்டுவந்தார். ஒரு வீட்டு நட்சத்திரத்தின் ஒரு கரத்தில் ஆப்பிரிக்கா, இன்னொரு வீட்டுக்கு நடுக்கடல். மஞ்சள் தூளையும் செம்பருத்தியையும் துணிக்குப் போடுகிற நீலத்தையும் கரைத்துப் பூசினோம். மரவள்ளி மாவில் காய்ச்சிய பசையைப் பாட்டு அம்மா விரலால் வழித்து வாயில் வைத்ததைப் பார்த்துவிட்டேன். பசி எல்லோருக்கும்தான், நட்சத்திரம் ஒட்ட வேண்டாமா? மறுநாள் பசையில் வேப்பிலையை அரைத்துக் கலந்து வைத்தேன். அந்த அம்மா என்னோடு பேசுவதை நிறுத்தினார். நல்லதாகப் போயிற்று.

ஜப்பான் சிப்பாயின் தொப்பியில் ஐந்து முனை நட்சத்திரம் இருக்கிறது, நாமும் ஐந்து முனை வைத்தால் கேலி செய்கிறோம் என்று கன்னத்தில் அறைவான் என்று கிராணி பயந்தார். எட்டு முனை வை, வாலும் வை என்றார். அவர் பயத்துக்கு என் விரல்தான் கிழிந்தது. எத்தனை கேட்டாரோ அத்தனை பிளந்து கட்டிக் கொடுத்தேன். எல்லாவற்றையும் சுவரோரம் சாய்த்து வைத்து, குடும்பம் குடும்பமாகக் கூப்பிட்டுக் கொடுத்தார். சுவர் காலியானது. நான் கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

"எங்க வீட்டுது?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "இந்த வருசம் காகிதம் பத்தல தங்கச்சி."

"எல்லாருக்கும் பத்துச்சு. எனக்கு மட்டும் பத்தலயா?"

"உங்க வீட்டுக்கு இந்த வருசம்... வேணாமேன்னு நெனச்சேன்."

நட்சத்திரம் இல்லாத வீடு என்றால் சாவு வீடு என்பது அந்தக் கூடத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். சேதி வராத ஒரு மனிதரை இவர்களாகவே கூடிப் புதைத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். நான் மூங்கில் கத்தியை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போய், மடித்து வைத்திருந்த பெத்லகேம் திரையை விரித்து ஒரு பக்கத்தை அறுத்தேன்.

"ஐயோ, நாடகத்துக்கு என்னம்மா பண்றது?" என்று வாத்தியார் கத்தினார்.

"வரைஞ்சவரு வந்து திரும்ப வரைஞ்சு தருவாரு. அதுவரைக்கும் வழி கேட்டுப் போங்க பெத்லகேமுக்கு."

வீட்டில் உட்கார்ந்து, எட்டு முனை கிடையாது, ஐந்து முனையாகவே கட்டினேன். அறைகிறவன் அறையட்டும். துணியை இழுத்து ஒட்டியபோது நடுவில் அந்த வெற்றிலைக் கடை வந்தது. அதை வாசலில் தொங்கவிட்டேன். போகிற வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். நன்றாகப் பார்க்கட்டும் என்று கதவைத் திறந்தே வைத்தேன்.

ராத்திரியில் கூட்டமாகத் திரிய முடியாது என்பதால் கேரல் சாயங்காலத்திலேயே வந்தது. நான் கூட்டத்தோடு போகவில்லை. மரவள்ளியைத் துருவி அடை சுட்டு வைத்து, வாசலில் நின்றேன். என் நட்சத்திரத்துக்குக் கீழே நின்று கிராணி தன் வாயால் பாட வேண்டும், அதை நான் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

பக்கத்து வீட்டில் பாடி முடித்து, அடுத்த பாட்டை எடுத்துக்கொண்டே என் வாசலுக்கு வந்தார்கள். பாட்டு அம்மா முன்னால் நின்று, வேப்பிலைக் கோபத்தை மறந்து, நட்சத்திரத்தைப் பார்த்துச் சத்தமாகவே பாடினார். வாத்தியார் கைத்தாளம் போட்டார். கிராணி பின்னாலிருந்து வந்தார். தலையைக் குனிந்துகொண்டே வந்து, என் படிக்குப் பக்கத்தில் நின்று, இரண்டு செருப்பையும் கழற்றி ஓரமாக வைத்தார்.

வைத்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. நிமிர்ந்து நட்சத்திரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். செருப்பில் காலை நுழைக்கப் பார்த்தார், கால் நுழையவில்லை. ஒவ்வொருவராகப் பாட்டை நிறுத்தினார்கள்.

இத்தனை வருஷம் அவர் பின்னால் சாவு வீடுகளுக்குப் போய் வந்தவள் நான். செத்திருக்கலாம் என்று மட்டும் நினைக்கிற மனிதன் தயங்கித்தான் நிற்பான். செருப்பைக் கழற்ற மாட்டான்; நிச்சயமாகத் தெரிந்தவன்தான் கழற்றுவான்.

"எதுக்குக் கழட்டுனீங்க?"

"தங்கச்சி, உள்ள போய்ப் பேசுவோம்."

"இங்கயே சொல்லுங்க. எதுக்குக் கழட்டுனீங்க?"

"ஆஸ்பத்திரியில ஒருத்தன் கெடந்தான். சியாமுலேருந்து வந்தவன். என்னைய அடையாளம் தெரிஞ்சு கூப்பிட்டுச் சொன்னான். காலராவாம்."

"எப்பச் சொன்னான்?"

"தீபாவளிக்கு முன்னாடி."

தீபாவளிக்கு முன்னால். அதற்குப் பிறகு எத்தனை ஞாயிற்றுக்கிழமை இந்த மனிதரிடம் போய்ச் சேதி உண்டா என்று கேட்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும் கர்த்தர் பெயரைச் சொல்லி அனுப்பினார்.

"ஏன் சொல்லல?"

"போன்னு சொன்னதே இந்த வாய்தானே. இதையும் இந்த வாயாலயே எப்படிம்மா சொல்றது? நட்சத்திரம் இல்லன்னா நீங்களா புரிஞ்சுக்குவீங்கன்னு..." என்று இழுத்தார்.

"சொல்லுங்க. என்ன ஆச்சு அவருக்கு? வாயத் தொறந்து சொல்லுங்க."

"செத்துட்டாரும்மா."

பாட்டு அம்மாதான் முதலில் அழுதார். எனக்கு அப்போது அழுகை வரவில்லை. உள்ளே போய் முக்காலியைக் கொண்டுவந்து நட்சத்திரத்துக்குக் கீழே போட்டேன்.

"எறக்குங்க. வேற யாரும் வேணாம், நீங்க எறக்குங்க."

வெறுங்காலோடு முக்காலியில் ஏறினார். முடிச்சு நன்றாகப் போட்டிருந்தேன், அவிழ்க்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது. யாரும் உதவ அருகில் போகவில்லை. இறக்கி இரண்டு கையாலும் நீட்டினார். வாங்கி, வெற்றிலைக் கடை உள்பக்கம் போகும்படி மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு எல்லோரும் செருப்பைக் கழற்றினார்கள். உள்ளே வந்து, அடை வைத்திருந்த தட்டைச் சுற்றி நின்றார்கள். கிராணி கண்ணை மூடி ஜெபம் பண்ணினார். நல்ல ஜெபம்தான், குரல்கூட இரண்டு இடத்தில் உடைந்தது. முடிந்ததும் எல்லோரும் ஆமென் என்றார்கள்.

நான் சொல்லவில்லை.