நிற்காமல் போன செங்கோடன்

நாமக்கல் லாரிக்காரர்களிடம் எல்லாவற்றுக்கும் பரிகாரம் உண்டு. ஆள் அடிபட்டால் வண்டிக்குப் பூசணிக்காய் உடைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, ஓட்டினவனை மூன்றாம் நாளே மறுபடி ஏற்றி அனுப்பிவிடுவார்கள். சூட்டோடு சூடாக ஏற்றினால்தான் பயம் தெளியுமாம். தெளிந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

வடக்கே ஒரு பிள்ளை தன் வண்டியில் அடிபட்டுச் செத்தபின், புதுச்சத்திரத்து ஈஸ்வரையும் அப்படித்தான் ஏற்றினார்கள். ஸ்டியரிங்கைத் தொட்டதும் வாந்தி எடுத்தவன், வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான். ஒன்பது நாளாகப் பேச்சில்லை, சோறில்லை. காட்டுப் பயிருக்கு அடிக்க வைத்திருந்த பூச்சிமருந்தை எல்லாம், குடித்துவிடுவானோ என்று பயந்து அவன் அம்மா குழி தோண்டிப் புதைத்துவிட்டாள்.

“ஏனுங்க, நீங்களும் இருவது வருசம் ஓட்டுனவங்கதான? ஒரு வார்த்த பேசிட்டு வாங்க” என்று அடுத்த வீட்டுத் தமிழ்ச்செல்வி தன் கணவர் செங்கோடனை இழுத்துப் போனாள். செங்கோடனோ, டீக்கடையில்கூட விரலைக் காட்டி டீ கேட்கிற ஆள்.

ஈஸ்வரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ஆறுதல் ஒன்றும் வாயில் வரவில்லை. வந்தது வேறு.

“சோலாப்பூர் தாண்டி ஒரு பெரியவரு, சைக்கிள்ள. நான் நிக்கலை சாமி. நின்னா கூட்டம் அடிச்சே கொன்னுபோடும்பாங்களே, அதான் ஆக்சிலேட்டர அமுத்திட்டேன். கண்ணாடில பாத்தேன். கையத் தூக்குனாரு. அப்பவும் நிக்கலை.”

பன்னிரண்டு வருடமாக யாரிடமும் சொல்லாதது. வாசற்படியில் தமிழ்ச்செல்வி கேட்டுக்கொண்டு நின்றிருந்தாள்.

ஈஸ்வர் மெல்லத் திரும்பினான். “நான் நின்னனுங் மாமா. அந்தப் புள்ள பானி பானின்னு தண்ணி கேட்டுச்சு. அடிபட்டவங்களுக்குத் தண்ணி குடுக்கக்கூடாதும்பாங்கல்ல, குடுக்கல. பாட்டில் கைலயேதான் இருந்துச்சுங்.”

அதற்குமேல் அவனால் முடியவில்லை. ஓவென்று அழுதான். செங்கோடன் அழாதே என்று சொல்லவில்லை, விதி என்று சொல்லவில்லை, எழுந்தும் போகவில்லை. அவன் அழுது முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தார். மதியம் ஈஸ்வர் இரண்டு வாய் ரசஞ்சோறு தின்றான்.

விஷயம் பரவியது. இதுவரை நான்கு டிரைவர்கள் செங்கோடனைத் தேடி வந்துவிட்டார்கள். ராசிபுரத்திலிருந்து ஒருவன் மனைவியோடு வந்தான். அவர் தன் கதையைச் சொன்னால்தான் அவர்களுக்கு வாய் திறக்கிறது. அதனால் ஒவ்வொரு முறையும் அந்தச் சைக்கிளிலிருந்தே ஆரம்பிக்கிறார். தனக்கு இப்படி ஒன்று கைவரும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அவர் ஆரம்பித்தாலே தமிழ்ச்செல்வி எழுந்து வெளியே போய்விடுவாள். போன வாரம் நான்காவது ஆள் கும்பிட்டுவிட்டுப் போனபின், காலி டம்ளர்களை எடுக்க வந்தவள் நின்றாள்.

“வர்றவங்களை எல்லாம் தேத்தி அனுப்பறீங்க. அந்தப் பெரியவரு ஊட்டுல போயி யாருங்க தேத்துனது?”

அந்தப் பெரியவரின் ஊர்ப் பெயர்கூடச் செங்கோடனுக்குத் தெரியாது.