கை உள்ளே இருக்கிறது

இது நடந்தது. நம்பாதவர்கள் காரைக்குடிக்கு வந்து சோணையின் வலது கையைப் பார்த்துக்கொள்ளலாம்.

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் வாஹித்துக்குப் பேய் என்றாலே சிரிப்பு வரும். அன்று முத்துக்கருப்பனின் மரப்பட்டறைக்கு அவன் போனபோது மதியம் 1.50. பழுதாகி நின்றது தேக்குக் கதவில் பூவேலை செதுக்கும் மெஷின். கம்ப்யூட்டர்தான் ஓட்டும். செகண்ட் ஹேண்டில் வாங்கி இரண்டே வாரம். சுழன்று செதுக்கும் கட்டருக்குக் கீழே கை போனால் சென்சார் கண்டுபிடித்து நிறுத்திவிடும். இப்போதோ கை போகாமலே நின்றது. திரையில் ஆங்கிலத்தில் ஒரே செய்தி... கை உள்ளே இருக்கிறது.

"நாளைக்கு அரியக்குடிக்குக் கதவு போயாகணும்ப்பா" என்றார் முத்துக்கருப்பன்.

மெஷினையும் கம்ப்யூட்டரையும் பேசவைக்கும் டிரைவர் சாஃப்ட்வேர் கெட்டிருந்தது. வாஹித் அதை நீக்கிவிட்டுத் திரும்ப ஏற்றினான். 2.05க்குச் செய்தி வந்தது. மறுபடி ஏற்றினான். 2.15க்கு வந்தது. எரிச்சலில் சென்சார் ஒயரையே பிடுங்கினான். அப்போதும் வந்தது.

"ஒயரைப் புடுங்கிட்டீக. பெறகு எப்புடிண்ணே வருது?" மெஷின் ஓட்டும் சோணை கேட்டான்.

வாஹித் கீபோர்டை இழுத்துக்கொண்டான். பழைய டிரைவரை மிச்சமில்லாமல் அழித்து, புதிதாக ஏற்றினான். 2.30. செய்தி வரவில்லை. மெஷின் ஓடியது. ஒயரை மாட்டப் போனான்.

"இருக்கட்டும்ப்பா. ஓடுறத நிறுத்தாத" என்றார் முத்துக்கருப்பன்.

வாஹித் விட்டுவிட்டான். அதற்காகத் தன்னை அவன் இன்றுவரை மன்னிக்கவில்லை.

2.38. ஒரு பூ முடிந்து கட்டர் நின்றது. தூளைத் தள்ள சோணை கையை விட்டான்.

2.40. யாரும் எதையும் தொடவில்லை.

வ்ர்ர்ர்ர்ர்...

"அண்ணே..! அண்ணே..!"

தேக்கெல்லாம் ரத்தம். வாஹித் மெயின் சுவிட்சை அணைத்தான்.

கட்டர் நிற்கவில்லை.

சோணையின் இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தான். கை வெளியே வந்தது. விரல்கள் வரவில்லை.

கட்டர் நின்றது.

கரண்ட் இல்லாத திரை எரிந்தது...

கை உள்ளே இருக்கிறது.

மரத்தூளில் கிடந்த விரல்களை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். டாக்டர் பையைப் பிரித்துப் பார்த்தார்.

"எத்தனை பேருக்கு அடி?"

"ஒருத்தனுக்குத்தான் சார்."

சோணைக்குப் போனது வலது கையில் நான்கு விரல்கள். பையில் இருந்தது ஐந்து. ஐந்தாவது, ஒரு இடது கைக் கட்டைவிரல்.

மெஷினை விற்றவரை வாஹித் ஒரு வாரம் கழித்துத்தான் பிடித்தான். மூன்று வருடத்துக்கு முன்பு, மதியம் 2.40க்கு, அவருடைய பட்டறையில் ஒருவர் அதே மெஷினில் இடது கையைக் கொடுத்துச் செத்திருக்கிறார். எல்லாம் கிடைத்ததாம். கட்டைவிரல் மட்டும் கிடைக்கவில்லையாம்.

வாஹித் அள்ளியபோது அது சூடாக இருந்தது.