ரிசீவரை எடுத்து வைத்த செவ்வாய்க்கிழமை

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆபரேஷனுக்குப் போகலாம் என்று அம்மா காத்திருந்தாள். அந்த வார்த்தையை நான் சொல்லவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. தபால்காரர் முதல் டாக்டர்வரை எல்லோர்மேலும் பழி போட்டுப் பார்த்துவிட்டேன். கடைசியில் என்னிடமேதான் வந்து நிற்கிறது.

அப்போது காரைக்காலிலிருந்து இரண்டு நாள் ரயில் தூரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். நட்சத்திரங்கள் பிறக்கும் தூசி மேகங்கள் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அவற்றிலிருந்து மிக மெல்லிய வெப்பம் வந்துகொண்டே இருக்கிறது. தொலை அகச்சிவப்புக் கதிர் என்போம். அதை உணரும் சில்லைச் செய்வது என் வேலை. அரிசி அளவில் ஜெர்மானியம் என்ற தனிமத்தின் படிகம், அதில் துளியிலும் துளியாகக் காலியம் என்ற உலோகம் கலந்திருக்கும். திரவ ஹீலியத்தால் குளிரவைத்தால்தான் அது வேலை செய்யும். காற்றிலுள்ள ஈரம் அந்தக் கதிரை விழுங்கிவிடும் என்பதால், சோதனையில் தேறிய சில்லைத் தொலைநோக்கியோடு பலூனில் கட்டி மேலே அனுப்புவோம்.

தேறுவதுதான் கஷ்டம். ஹீலியம் லேசில் கிடைக்காது. கிடைத்தாலும் ஒரே பகலில் ஆவியாகித் தீர்ந்துவிடும். அதற்குள் சில்லில் தானாக எழும் மின் இரைச்சலை அளந்து முடிக்க வேண்டும். பக்கத்தில் யாராவது நடந்தால் போதும், சில்லோடு இணைத்த கம்பி அதிர்ந்து, தாளில் கோடு போடும் பேனா குதிக்கும். மின்விசிறியை நிறுத்துவோம், செருப்பைக் கழற்றுவோம். டெலிபோன் மணி அடித்தால் அரை மணி நேர வேலை பாழ். அதனால் ரிசீவரை எடுத்து மேஜைமேல் வைத்துவிட வேண்டும் என்று ஒரு விதி. விதியைப் போட்டவன் நான். மறந்தவர்கள்மேல் எரிந்து விழுவேன். முதுகுக்குப் பின்னால் எனக்கு மௌனசாமி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் ஹீலியம் ஊற்றினோம். முதல்முறையாகப் பேனா குதிக்காமல் நேராக ஓடியது. எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. அடக்கிக்கொண்டேன். சாயங்காலம்வரை அளந்தோம்.

அதே காலையில் அக்கா, தருமபுரம் வீட்டிலிருந்து அம்மாவை ரிக்‌ஷாவில் ஏற்றிக் காரைக்கால் தபாலாபீசுக்குக் கூட்டிவந்திருந்தாள். அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. இந்த வாரமே புதுச்சேரிக்குக் கொண்டுபோய் எடுத்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "தம்பி ஒரு வார்த்தை சொல்லட்டும், போறேன்" என்று அம்மா பிடிவாதமாக இருந்தாள். அப்பா போன பிறகு நெடுங்காட்டு வயலைக் குத்தகைக்கு விடுவதற்குக்கூட எனக்குக் கடிதம் போட்டுக் கேட்டவள் அவள். எனக்கு வெளியூர் டிரங்க் கால் பதிவுசெய்துவிட்டு இருவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கேட்கும்போதெல்லாம் லைன் எங்கேஜ்டு என்றே பதில் வந்தது. மூன்று மணிக்கு அம்மா எழுந்து, வீட்டுக்குப் போகலாம் என்றாளாம். எனக்குக் கடிதம் எழுதிப் போட்டார்கள்.

புதுச்சேரிக்குப் போகாமலே, வெள்ளிக்கிழமை அம்மா வீட்டில் இறந்துபோனாள். கடிதமும் தந்தியும் ஒரே நாளில் என் கைக்கு வந்தன. நான் போய்ச் சேர்ந்தபோது சுடுகாட்டில் பால் தெளித்து முடிந்திருந்தது. அக்கா நடந்ததையெல்லாம் சொன்னாள். லைன் ஏன் அப்படி இருந்தது என்று அவள் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. கோழைத்தனம்தான், வேறொன்றும் இல்லை.

அந்தச் சில்லுதான் பிறகு பலூனில் போனது. ஒரு மேகத்தின் வெப்பத்தைப் பிடித்தும் கொடுத்தது. எல்லோரும் என் கையைக் குலுக்கினார்கள். நான் கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன்.

அடுத்த விடுமுறையில் அக்காவிடம் சொல்லிவிட்டேன். கருக்களாச்சேரியிலிருந்து வந்த மீனை அலசிக்கொண்டிருந்தாள். மணி அடிக்கக் கூடாதென்று நான்தான் ரிசீவரை எடுத்து வைத்திருந்தேன் என்றேன். அவள் அலசிய மீனையே மறுபடியும் அலசினாள். திட்டியிருந்தால் தேவலை.

"எங்கிட்ட சொன்னதோட விட்ரு தம்பி" என்றாள். "அன்னைக்கு பெஞ்சுல உக்காந்திருந்தவங்ககிட்டல்லாம் அம்மா சொல்லிக்கிட்டே இருந்துச்சு. எம்மவன் பெரிய பெரிய ஆளுங்களோட பேசிக்கிட்டிருக்கான், அதான் லைன் கெடைக்கலன்னு."

அன்று ஆய்வுக்கூடத்து அறையில் நாங்கள் ஒருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.