ஏலகிரி வளைவுக்கு ஒரு டிஃபரன்ஷியல்

என் நண்பனிடம் இருந்த கார் ஊரில் எவனுக்கும் உபயோகப்படாத கார். இரண்டே சீட். இன்ஜினின் இழுப்பெல்லாம் பின் சக்கரங்களுக்கு. தரையோடு தரையாகப் படுத்திருக்கும். ஆம்பூர் வேகத்தடைகளில் அதன் அடிவயிறு உரசும்போது எனக்குப் பல் கூசும். தோல் ஏற்றுமதி செய்த ஒரு முதலாளி ஆசையாக வெளிநாட்டிலிருந்து இறக்கி, சீக்கிரமே அலுத்துப்போய், தோல் பதனிடும் டேனரியின் ஷெட்டில் தூசி படிய விட்டிருந்ததை இவன் கேட்டு வாங்கிக்கொண்டான். அந்த டேனரியில் தோல்களைத் தரம் பிரிப்பது இவன் வேலை. நான் சத்துவாச்சாரியில் ஒரு பள்ளியில் இயற்பியல் வாத்தியார். கல்லூரி நாளிலிருந்து நாங்கள் தோஸ்த். 'ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க' என்று கார் வந்த அன்றே சொன்னேன். கழுதை யார், காரா தானா என்று கேட்டுச் சிரித்தான்.

கார் சமதளத்தில் பறக்கும். ஏலகிரி மலையின் கொண்டை ஊசி வளைவில் மானத்தை வாங்கும். வளைவில் ஏறித் திரும்பும்போது உள்பக்கத்துப் பின் சக்கரம் பாரம் குறைந்து சும்மா சுற்றும். ரப்பர் கருகும். வண்டி நகராது. பின்னால் வரும் பஸ்காரன் ஹார்னிலேயே திட்டுவான். சாண் ஏறினால் முழம் சறுக்கும் கதைதான். இன்ஜின் பலத்தை இரண்டு பின் சக்கரங்களுக்கும் பங்கு போடுவது டிஃபரன்ஷியல். சாதாரண டிஃபரன்ஷியலின் புத்தி அப்படி. எந்தச் சக்கரத்துக்குப் பிடிப்பு இல்லையோ அது சுற்றிச் சுற்றி வீணாக்கும், பிடிப்புள்ள சக்கரம் வேலை கிடைக்காமல் நிற்கும். வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல் என்று ஒன்று இருக்கிறது. அதை மாட்டினால் இந்த வெட்டிச் சுற்றல் அடங்கும். எதை மாட்டுவது என்பதில்தான் எங்கள் கடைசி நல்ல மாதங்கள் போயின.

இதற்கு நடுவில் அவன் காலில் உணர்ச்சி போனது. இளவயதிலேயே வந்த சர்க்கரை. வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் அவனைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, நைலான் இழை ஒன்றால் உள்ளங்காலில் அங்கங்கே அழுத்தி, தொடுவது தெரிந்தால் சொல்லச் சொன்னார். அவர் அழுத்திக்கொண்டே இருந்தார், இவன் பேசாமல் படுத்திருந்தான். பக்கத்தில் நின்ற நான் ஜன்னலைப் பார்த்தேன். இனிமேல் கிளட்ச், பிரேக் மிதித்து ஓட்டும் வண்டி கூடாது என்றார் டாக்டர். வெளியே வந்ததும் இவன் என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

"ஒரே ஒரு வாட்டி ஏலகிரி ஏறிடறேன்டா. நடுவுல நிக்காம. அப்பறம் சாவி உன்னுது."

பிரேக் எது என்று காலுக்குத் தெரியாதவன் மலை ஏறினால் அவன் மட்டுமா சாவான் என்று கேட்டிருக்க வேண்டும். புது டிஃபரன்ஷியல் இல்லாமல் ஏறாதே என்று மட்டும் சத்தியம் வாங்கினேன். எதை வாங்குவது என்ற பேச்சை எவ்வளவு இழுத்தடிக்க முடியுமோ அவ்வளவு இழுத்தடிப்பது என்று மனதுக்குள் முடிவு செய்தேன். வேறு என்ன செய்வேன்? அந்த ஆளிடமிருந்து பிடுங்கிக்கொள்ள இன்னும் என்ன பாக்கி இருக்கிறது என்று ஆண்டவனோடு தினமும் சண்டை போட்டேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில்கூட அதே சண்டைதான்.

இழுத்தடிப்பது சுலபமாக இருந்தது, ஏனென்றால் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. நான் கியர் வகையைச் சொன்னேன். சாய்ந்த பல் கொண்ட கியர்கள் ஒன்றையொன்று நெருக்கி, பிடிப்புள்ள சக்கரத்துக்கு அதிக பலம் அனுப்பும். சத்தம் இல்லை, பராமரிப்பு கம்மி, தினமும் ரோட்டில் ஓட்டுகிறவனுக்கு அதுதான் லாயக்கு. ஒரு சக்கரம் முழுசாக அந்தரத்தில் தொங்கினால் மட்டும் கைவிட்டுவிடும். அவன் பிளேட் வகைதான் வேண்டும் என்றான். அதில் அடுக்கடுக்காக உராய்வுத் தட்டுகள் இருக்கும். வளைவில் கடகடவென்று முனகும், முதுகில் குத்தும், அதற்கென்று தனி ஆயில் கேட்கும், தட்டு தேய்ந்தால் பிரித்து மாற்ற வேண்டும். பந்தயத்துக்கு வேண்டுமானால் சரி, மசூதித் தெருவில் பார்க் பண்ணுகிற வண்டிக்கு எதற்கு இந்தப் பேஜார் என்று கத்தினேன். கரும்பலகையில் படம் போட்டு விளக்காத குறை. பாபி, அதாவது அவன் மனைவி, டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, இது என்ன பொண்ணு பார்க்கிற பேச்சை விட ஜாஸ்தியாக இருக்கிறதே என்று கேலி செய்தார்.

ஒரு நாள் காரணத்தைச் சொன்னான். கால் சேதி சொல்வதில்லை, அதனால் வண்டிதான் முதுகுக்குச் சேதி சொல்ல வேண்டும், சத்தம் போடுகிற டிஃபரன்ஷியலாக இருந்தால் சக்கரம் என்ன செய்கிறது என்று உட்கார்ந்த இடத்திலேயே தெரியும் என்றான். நான் அன்று டீயைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டேன். அதற்கப்புறம் அவனோடு வாதாட எனக்குத் தெம்பு இல்லை.

சென்னைக்குப் போகும் வழியில் இருந்த ஒரு மெக்கானிக்கிடம் இந்த வண்டிக்குப் பொருந்தும் பழைய பிளேட் டிஃபரன்ஷியல் வந்திருப்பதாகத் தகவல் வந்தது. போட்டோ அனுப்பினார்கள். போட்டோவை இவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தோல்காரர்கள் போட்டோ பார்த்துச் சரக்கு எடுப்பதில்லை. விரலுக்கு அடியில் வந்தால்தான் சரக்கு. அதிலும் இவன் கட்டைவிரலுக்கு ஆம்பூரில் தனி மரியாதை. தோலை மேசையில் விரித்து, சாயம் கண்ணை ஏமாற்றும் என்று முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, கட்டைவிரலை ஓட்டி, முதல் ரகமா மூன்றாம் ரகமா என்று அந்தந்த அடுக்கில் போடுவான். போட்டால் போட்டதுதான். முதலாளியே ஆனாலும் அந்தத் தோலை எடுத்து வேறு அடுக்கில் வைக்க மாட்டார். அது அங்கே எழுதாத சட்டம்.

மெக்கானிக் தட்டுகளைப் பிரித்து வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார். எல்லாம் ஆயிலில் ஊறி ஒரே மாதிரி மின்னின. இவன் கையைத் துடைத்துக்கொண்டு, டேனரியில் நிற்பது போலவே முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒவ்வொரு தட்டிலும் கட்டைவிரலை ஓட்டினான். கடைசித் தட்டை வைத்துவிட்டு, "நல்லா கரகரன்னு இருக்கு. எடுத்துக்கலாம்" என்றான்.

சும்மா பார்ப்போமே என்று நானும் ஒரு தட்டைத் தடவினேன். கண்ணாடி. அடுத்ததும் கண்ணாடி. உராய்வுத் தட்டு சொரசொரப்பாக இருந்தால்தான் பிடிக்கும், இவை தேய்ந்து, பளபளத்து, எதற்கும் ஆகாமல் போனவை. மெக்கானிக்குக்கும் அது தெரியும். அவர் என்னைப் பார்த்தார். விற்கிறவர் அவர், அவர்கூட 'ஆமா சார், நல்ல சரக்கு' என்று சொல்லவில்லை. நானும் அந்தத் தட்டை இருந்த இடத்திலேயே வைத்தேன். தோலில் ஒரு மடிப்பு இருந்தாலும் விரலில் கண்டுபிடிக்கிறவன் அவன். யோசித்துச் சொல்கிறோம் என்று அவனைக் கிளப்பிக்கொண்டு வந்தேன்.

என் வண்டியில்தான் திரும்பினோம். வாலாஜா தாண்டும் வரை அவன் ரோட்டைப் பார்த்தபடியே வந்தான்.

"நீயும் தொட்டே இல்ல. உன் கைக்கு எப்படி இருந்துச்சு?"

பொய் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். "வழவழன்னு இருந்துச்சு" என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். கை மரத்துப்போய் மாதக்கணக்காகிறது என்றான், ஏதோ பல்வலி என்று சொல்வது போல. டேனரியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணால் பார்த்துத் தள்ளிக்கொண்டிருக்கிறானாம். தோலில் கண் கொஞ்சம் காப்பாற்றுகிறது, இரும்பில் அது நடக்கவில்லை என்றான். பாபிக்குத் தெரியாது. முதலாளிக்குத் தெரியாது. அவன் தவறான அடுக்கில் போட்ட தோல்களை, அவன் போட்டான் என்பதற்காகவே, யாரும் எடுத்து மாற்றவில்லை. எனக்கு ரோடு மங்கியது. ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன். ஸ்டீயரிங்கில் தலையை வைத்து, வெட்கமில்லாமல், லாரிகள் ஒவ்வொன்றும் வண்டியை ஆட்டிவிட்டுப் போக, அழுதேன். அவன் அழவில்லை. நான் முடிக்கும்வரை காத்திருந்தான்.

"அந்த கியர் டைப்பே வாங்கு வாத்தியாரே. ஓட்டப்போறது நீதானே."

புதிதாகவே வரவழைத்தோம். மாட்டிய வாரத்திலேயே ஏலகிரி போனோம். நான் ஓட்டினேன், அவன் பக்கத்து சீட்டில். ஒவ்வொரு வளைவிலும் வண்டி சத்தமில்லாமல், சமர்த்தாக ஏறியது. சக்கரம் சுற்றவில்லை, ரப்பர் கருகவில்லை, எந்த பஸ்காரனும் ஹார்ன் அடிக்கவில்லை. நான் சொன்னதுதான் சரி என்று ஆகிவிட்டது. அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, நல்ல சாமான் என்று ஒரு தடவை சொன்னான். மேலே போனதும் சாவியை எடுத்து அவனிடம் நீட்டினேன். வாங்கவில்லை.

இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும், இது ஒரு தடவை வழுக்கித் தொலையாதா என்று வேண்டிக்கொண்டே ஓட்டினேன். வழுக்கினால் சரியில்லை என்று கழற்றிப் போடலாம், வேறு எது வாங்கலாம் என்று அவன் வீட்டில் உட்கார்ந்து இன்னும் கொஞ்ச மாதம் சண்டை போடலாம். அது கடைசி வளைவு வரை வழுக்கவே இல்லை.