கார் கடனுக்காக ஒரு லைசென்ஸ்

நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டது அரசாங்கத்தின் கருணையால். கணவரின் கருணையால் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளில் மலேசியாவிலேயே செய்த நாட்டுக் கார் வந்த புதிது. எல்லோரும் அதையே வாங்க வேண்டும் என்று வெளிநாட்டுக் காருக்கு வரியை ஏற்றினார்கள். அரசாங்க ஊழியருக்குக் குறைந்த வட்டியில் கடன் என்றார்கள். என் கணவர் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி. அதுவரை கார் வெட்டிச் செலவு என்று சொல்லிக்கொண்டிருந்தவர், சலுகையைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து கார் இல்லாமல் மனுஷன் எப்படி வாழ்வது என்று கேட்க ஆரம்பித்தார். ஒரே ஒரு சங்கடம். அவர் அரசாங்க ஊழியர் இல்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியையான நான்தான் அரசாங்க ஊழியர். மனு போட்டோம். மனு போட்டவருக்கு லைசென்ஸ் இருக்க வேண்டும் என்று பதில் வந்தது.

“பேப்பருக்குத்தான் லா. நீ ஓட்டவே வேணாம், நான் ஓட்டிக்கிறேன்” என்றார்.

எனக்குக் கார்மேல் ஆசையே இல்லை. ராசா என்ற ஊரில் தனியாக இருந்த அம்மாவைப் பார்க்கத்தான் ஆசை. மூன்று பஸ் மாற வேண்டும். நான் தனியாகப் போகக் கூடாது, அவர்தான் கூட்டிப்போவார். அவருக்கோ எப்போதும் அடுத்த வாரம்தான் ஒழியும். அடுத்த வாரம் என்றால் தீபாவளி என்று அம்மாவுக்கே தெரியும். இதற்காக நான் அழுததுண்டு.

லைசென்ஸ் சோதனையில், மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது, முதல் தடவை கார் பின்னால் உருண்டுவிட்டது. வீட்டில் அன்று நல்ல சிரிப்பு. ஆனால் கடன் தள்ளிப்போகிறதே என்ற கவலையில், இரண்டாம் தடவை அவரே என்னை எழுப்பி, தேத்தண்ணி கலக்கிக் கொடுத்து அனுப்பினார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் எனக்குக் கலக்கிய முதல் தேத்தண்ணி அது. பாஸானேன்.

காரை எடுக்க ரவாங் டவுனுக்குப் போனோம். கார் என் பெயரில் என்பதால் கடைக்காரர் சாவியை என் கையில் கொடுத்தார். இவர் கையை நீட்டினார். எங்கிருந்துதான் அந்தத் துணிச்சல் வந்ததோ, நான் வலப்பக்கம் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

“சரி, டவுன் தாண்டுற வரைக்கும்” என்று இவர் இடப்பக்கம் ஏறினார்.

டவுன் தாண்டி சந்தி வந்தது. “லெப்ட்டுல திரும்பு” என்றார். தோட்டத்துக்கு அதுதான் வழி.

நேராகப் போனேன்.

“எங்க போற?”

“அம்மாவப் பாக்க.”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கவே இல்லையே?”

“கேக்கலதாங்க” என்றேன்.

ராசா போய்ச் சேரும்வரை இவர் தன் பக்கத்தில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். அவ்வளவு சந்தோஷமாக நான் அம்மா வீட்டுக்குப் போனதே இல்லை.